டபிள்யூ என்றால் எடை

எங்கள் கார் புகை விடுகிறது என்று எங்களுக்கு முதலில் சொன்னவர், சயான் சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஒரு ஸ்கூட்டர்காரர். ஓட்டிக்கொண்டிருந்தவள் என் மனைவி. அவர் கண்ணாடியைத் தட்ட, அவள் இறக்கினாள்.

"ஆன்ட்டி, காடி ஆயில் பீ ரஹீ ஹை," என்றார். வண்டி ஆயில் குடிக்கிறதாம்.

சொல்லிவிட்டு, விளக்கு மாறுவதற்கு முன்பே கிடைத்த சந்தில் நுழைந்து முன்னால் போய்விட்டார். எங்கள் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற அவசரம் அவர் முதுகிலேயே தெரிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பின்கண்ணாடிக்கு வெளியே லேசான நீலத்தில் ஒரு திரை. அதற்கு அப்பால் ஒரு டாக்ஸிக்காரர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இப்படி வந்துண்டிருக்கோ தெரியலை," என்றாள் மனைவி.

"கவலைப்படாதே. இதுக்கு என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும்," என்றேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருடமாகிறது. அதில் இந்த வாக்கியத்தை நான் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். ஒருமுறை வாஷிங் மெஷினுக்கு, ஒருமுறை சமையலறைக் குழாய்க்கு, ஒருமுறை அவளுடைய அண்ணன் வீட்டு டிஷ் ஆன்டெனாவுக்கு. மூன்று தடவையும் பிறகு ஆள் வரவழைக்க வேண்டியிருந்தது. அதனால் அவள் என்னைச் சற்று அதிக நேரம் பார்த்தாள். பின்னாலிருந்து ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தாள்.

ஆனால் இந்த முறை எனக்கு உண்மையிலேயே தெரியும் என்று நம்பினேன். காரணம் என் தொழில். நான் மொழிபெயர்ப்பாளன். கதை, கவிதை எல்லாம் இல்லை. குக்கர் வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் பத்து மொழிகளில் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்களே, அதில் தமிழ்ப் பகுதி என்னுடையது. கொசுவிரட்டி, தண்ணீர் வடிகட்டி, பல்செட் சுத்தம் செய்யும் மாத்திரை என்று பதினெட்டு வருடமாகப் பல துறைகளில் உழைத்திருக்கிறேன். பிறந்தது மாதுங்காவில். தமிழ் படித்ததும் அங்கேதான், பத்தாம் வகுப்புவரை. தமிழ்நாட்டில் நான் தொடர்ந்து தங்கியது அதிகபட்சம் பதினோரு நாள். அதில் மூன்று நாள் காய்ச்சல். ஆனாலும் விளம்பரக் கம்பெனிகளில் என்னை மொழி நிபுணர் என்று சொல்வார்கள். என் தமிழைப் படித்துப் பார்க்கத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லாததால் அந்தப் பட்டத்துக்கு இதுவரை ஆபத்து வரவில்லை.

புகை விஷயம் தெரிவதற்கு நாலைந்து மாதம் முன்னால்தான் ஓர் ஆயில் கம்பெனியின் துண்டுத்தாளை மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தேன். பழைய கார்களுக்கான ஆயில். இஞ்சின் தேய்ந்து ஆயிலை எரிக்க ஆரம்பித்தால் கொஞ்சம் கெட்டியான ஆயிலுக்கு மாறுங்கள், எரிவது குறையும் என்பதுதான் அதன் சாரம். இதைத்தான் நான் தமிழில் இப்படி எழுதியிருந்தேன்: "மிகை பாகுத்தன்மை கொண்ட மசகு எண்ணெயானது வலயப் பரப்புகளில் படலத் தடிப்பினைப் பேணி, எரிதல்வழி இழப்பினை மட்டுப்படுத்தும்." எழுதி முடித்ததும் இரண்டு தடவை உரக்கப் படித்து ரசித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். டப்பாக்களின் மேல் 5W-30, 20W-50 என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, அந்த டபிள்யூ என்ன என்று தமிழ் வாசகர் குழம்புவாரே என்று எனக்குக் கவலை வந்தது. ஆங்கில மூலத்தில் விளக்கம் இல்லை. நானே கருணையுடன் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தேன். "W என்பது எடையைக் குறிக்கும்." வெயிட் என்பதற்கு முதல் எழுத்து அதுதானே. எங்கும் தேடிப் பார்க்கவில்லை. தேடிப் பார்க்கவேண்டிய விஷயமாகவே அது எனக்குப் படவில்லை.

ஆக, சயான் சிக்னலில் எனக்குத் தெரியும் என்று சொன்னவன் அந்த அடிக்குறிப்பை எழுதியவன்.

எங்கள் கார் பதினாறு வயதான சின்னக் கார். மனைவி வேலை பார்க்கும் வங்கியில் மாற்றலாகிப் போன ஒருவரிடமிருந்து வாங்கியது. நாங்கள் இருப்பது செம்பூரில். வார நாட்களில் அவள் வங்கிக்குக் கொண்டுபோவாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிங்ஸ் சர்க்கிள் போய்க் காய்கறி, காப்பிப்பொடி வாங்கி, டிபன் சாப்பிட்டுவிட்டு வருவோம். வண்டியோடு எனக்கு இருந்த தொடர்பு, அதில் ஏறி உட்காருவதுதான்.

அந்தச் சனிக்கிழமை நானே ஓட்டிக்கொண்டு தேவ்நார் பக்கம் ஓர் ஆயில் கடைக்குப் போனேன். கடைக்காரர் வண்டியைப் பார்த்ததுமே முப்பது நம்பர் டப்பாவை எடுத்தார். நான் இருபது-ஐம்பதைக் காட்டினேன். அலமாரியில் இருந்தவற்றில் அதுதான் பெரிய எண். மிகை பாகுத்தன்மை என்று எழுதியவன் நான். குறைந்த பாகுத்தன்மையோடு வீட்டுக்குப் போவது எப்படி?

"சாப், யே பஹுத் காடா ஹை," என்றார். மிகவும் கெட்டியாம். "இஸ் காடி மே தீஸ் ஜாதா ஹை. ஜ்யாதா ஸே ஜ்யாதா சாலீஸ்." இந்த வண்டிக்கு முப்பது, மிஞ்சிப்போனால் நாற்பது என்கிறார்.

எடை கூடினால்தான் எரிவது குறையும் என்று அவருக்கு என் ஹிந்தியில் விளக்கினேன். எடை என்ற சொல்லை நான் திரும்பத் திரும்பச் சொல்லவும், அவர் டப்பாவைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பழைய ஆயிலை வடித்துவிட்டு நான் கேட்டதையே ஊற்றினார்.

முதல் வாரம் புகை குறைந்ததுபோல்தான் இருந்தது. நிஜமாகவே குறைந்ததா, நான் அப்படிப் பார்த்தேனா என்று இன்றுவரை தெரியாது. லிஃப்டில் ஏறிய நான்காம் மாடிக்காரரிடம் எண்ணெயின் எடையைப் பற்றி ஐந்து மாடிக்குப் பேசினேன். தன் மாடி தாண்டிப் போய்விட்டதை அவர் மரியாதைக்காகச் சொல்லவில்லை. என் கதவருகே இறங்கி, படி வழியாகக் கீழே போனார். அவரிடம் கார் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது வாரம் காலையில் வண்டியைக் கிளப்பும்போது டக டகவென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

"தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம் வரதே, கேட்டேளா?" என்றாள் மனைவி.

"எண்ணெய் எடை கூடினது. மேலே ஏறக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கும்," என்றேன்.

"மேம்பாலத்திலே ஏறும்போது வண்டியும் நேரம் எடுத்துக்கறது. ஏசியை அணைச்சாத்தான் ஏறறது."

"பழகிடும்," என்றேன். யார் எதற்குப் பழகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அடுத்ததுதான் நான் செய்ததிலேயே பெரிய காரியம். ஆயில் அளவை நானே பார்க்கத் தொடங்கினேன். இஞ்சினுக்குள் ஒரு நீளக் கம்பி செருகியிருக்கும். அதை வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி செருகி எடுத்தால் ஆயில் எதுவரை நனைத்திருக்கிறது என்று தெரியும். கம்பியில் இரண்டு கோடுகள், கீழே ஒன்று, மேலே ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஆயில் இருக்கவேண்டும். இது எனக்குத் தெரியும், ஏனென்றால் இதையும் அந்தத் தாளில் நான்தான் எழுதியிருந்தேன். "சமதளத்தில் நிறுத்தி, எந்திரம் ஓய்வுற்ற பின்னர் அளவிடுக" என்றும் எழுதியிருந்தேன். எழுதினேனே தவிர படிக்கவில்லை.

எங்கள் கட்டடத்தில் கார் நிறுத்த எங்களுக்குக் கிடைத்த இடம் கடைசி இடம். கீழ்த்தளத்துக்கு இறங்கும் சாய்தளத்தின் ஓரம். வண்டி எப்போதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஞாயிறு கிங்ஸ் சர்க்கிளிலிருந்து வந்து, பைகளை மனைவியிடம் கொடுத்து மேலே அனுப்பிவிட்டு, சூடு ஆறுவதற்கு முன்பே மூடியைத் திறந்து கம்பியை உருவுவேன். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருக்கும். பாவம், எவ்வளவு குடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அரை லிட்டர் ஊற்றுவேன். முதல் தடவை சமையலறையிலிருந்து தோசை எண்ணெய்ப் புனலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அது திரும்பச் சமையலறைக்குப் போகவில்லை. அதைப் பற்றி மனைவி இரண்டு நாள் பேசினாள்.

அடுத்த ஞாயிறும் கீழ்க்கோட்டுக்குக் கீழே. அரை லிட்டர். அதற்கடுத்த ஞாயிறும். மூன்று வாரத்தில் ஒன்றரை லிட்டர் உள்ளே போனது. புகையோ குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே வந்தது. முன்பு சிக்னலில் நின்று கிளம்பும்போது மட்டும் வந்தது, இப்போது போகிற வழியெல்லாம் வந்தது. வங்கி வாசலில் காவலாளி மனைவியிடம், மேடம், வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள், உள்ளே கஸ்டமர்கள் இருமுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

நான் வந்த முடிவு: எடை போதவில்லை. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு உதிரிபாகக் கடையில் போய் ஐம்பதுக்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கடைக்காரர், "லாரிக்கா சார்?" என்றார். இல்லை, அந்தக் காருக்கு என்று வெளியே நின்றதைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு ஸ்டாக் இல்லை என்று சொன்னார். பின்னால் அலமாரியில் வரிசையாக டப்பாக்கள் இருந்தன. நல்ல மனிதர்.

அந்த மாதக் கடைசியில் வண்டியின் புகைச் சான்றிதழ் முடிந்தது. பெட்ரோல் பங்க் ஓரம் ஒரு வேனில் உட்கார்ந்து சோதனை செய்பவரிடம் போனோம். அவர் குழாயைப் பின்னால் செருகி, கணினியைப் பார்த்தார். மறுபடி செருகினார். பிறகு குழாயை எடுத்துச் சுருட்டி வைத்துவிட்டு, கையால் முகத்துக்கு முன்னால் விசிறிக்கொண்டே, இது பாஸ் ஆகாது என்றார். நாங்கள் இருவரும் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்டு, தாராவியில் தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் ஒரு மெக்கானிக் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று வழி சொன்னார். "ஆப் ஹீ கா ஆத்மி ஹை," என்றார். உங்கள் ஆள்தான்.

"நாம நேரா அங்கேயே போறோம்," என்றாள் மனைவி. அவள்தான் ஓட்டினாள். நாற்பதா ஐம்பதா என்று வாதாட அது இடமில்லை.

கராஜ் என்றால் மூன்று சுவரும் ஒரு தகரக் கூரையும். ஒருபக்கம் பழைய அட்டை கட்டும் கடை, மறுபக்கம் தோல் பை தைக்கும் இடம். மெக்கானிக் என் வயதுக்காரர், ஐம்பத்தைந்து இருக்கும். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து முப்பது வருடம் முன்னால் வந்தவர். நரைத்த தாடி, சுத்தமான வெள்ளைத் தொப்பி; அந்த இடத்தில் கறை படாமல் இருந்த ஒரே பொருள் அதுதான். வண்டி உள்ளே வரும்போதே சத்தத்தைக் கேட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"என்ன ஆயில் ஊத்தியிருக்கிய?" என்றார்.

"இருபது-ஐம்பது," என்றேன்.

"யாரு ஊத்தச் சொன்னா?"

"ஒருத்தர் எழுதியிருந்ததைப் படிச்சேன்," என்றேன். பொய் இல்லை.

"சரி. ஆயில் எப்பம் பாப்பிய? வண்டி வந்து நின்ன உடனயா, ஆறுன பொறவா?"

"நின்ன உடனே."

"எங்க நிப்பாட்டுவிய?"

"சாய்தளத்திலே. மூக்கு மேலே பார்த்துண்டு நிக்கும்," என்றாள் மனைவி.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். சமமான இடம் பார்த்து வண்டியை நிறுத்தி அணைத்துவிட்டு, இருபது நிமிஷம் கிடக்கட்டும், டீ சாப்பிடுங்கள் என்று இரண்டு ஸ்டூலைப் போட்டார். அதில் உட்கார்ந்து நிமிர்ந்தபோதுதான் எதிர்ச்சுவரில் அதைப் பார்த்தேன். என் துண்டுத்தாள். தமிழ்ப் பக்கம் வெளியே தெரியும்படி நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருந்தது.

பதினெட்டு வருடத்தில் நான் எழுதியதை இன்னொருவர் சுவரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எழுந்து பக்கத்தில் போய் நின்றேன். அவர் கவனித்துவிட்டார்.

"டீலர் கொண்டாந்து குடுத்தான் சார். தமிழ்ல போட்டிருக்கானேன்னு ஆசையா ஒட்டுனேன்," என்றார். "படிச்சுப் பாருங்க. ஒண்ணும் வெளங்காது."

நான் தலையாட்டினேன்.

அவர் வந்து, விரலைத் தாளின் மேல் படாமல் ஓட்டி, திருத்தமாக வாசித்தார். என்னைவிட நன்றாக வாசித்தார். நான் மூச்சு விடுகிற இடங்களில்கூட அவர் சரியாக நிறுத்தினார்.

"'படலத் தடிப்பினைப் பேணி'ன்னு இருக்கு. பேணுததுன்னா வாப்பா உம்மாவைப் பேணுதது. இங்க யாரு யாரைப் பேணுதா? பாகுத்தன்மையாம். பாகுன்னா அல்வாக்கு வைக்கிறது. கெட்டி ஆயில்னு சொன்னா என்ன கொறைஞ்சா போவும்?"

"டெக்னிக்கல் தமிழ்," என்றேன்.

"கீழ பொடி எழுத்துல ஒண்ணு இருக்கு பாருங்க. டபிள்யூன்னா எடையாம். எவன் எழுதுனான்னு தெரியல. ஆயிலைத் தராசுல வச்சா ஊத்துதான்? இஞ்சினைக் கண்ணால பாக்காதவனா இருப்பான்."

"இருக்கும்," என்றேன்.

மனைவி டீ கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

இருபது நிமிஷம் கழித்து அவர் கம்பியை உருவித் துடைத்து, செருகி எடுத்தார். எங்கள் முன்னால் நீட்டினார். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி, அதற்கு மேலும் இரண்டு விரல்கடை ஏறியிருந்தது. நான் அந்தக் கம்பியில் அவ்வளவு உயரத்துக்கு ஆயிலைப் பார்த்ததே இல்லை.

"இது குடிக்கல சார்," என்றார். "நீங்க திணிச்சிருக்கிய. அது துப்புது."

பிறகு பொறுமையாகச் சொன்னார். வண்டி ஓடும்போது ஆயில் மேலே எல்லா இடத்துக்கும் போயிருக்கும். அணைத்த பிறகு சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கவேண்டும். கெட்டி ஆயில் என்றால் இறங்க இன்னும் நேரமாகும். அதற்கு முன்பே பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். வண்டி மூக்கைத் தூக்கி நின்றால் ஆயில் பின்பக்கம் ஒதுங்கிவிடும், கம்பி முன்பக்கம் இருக்கிறது, அப்போதும் குறைவாகத்தான் காட்டும். இரண்டு பொய்யையும் நம்பி நான் ஊற்றியிருக்கிறேன். அளவு மிஞ்சிய ஆயிலை இஞ்சின் கடைந்து, மூச்சு விடும் குழாய் வழியாக மேலே தள்ளி எரித்திருக்கிறது.

"எரியுதுன்னு ஊத்துனிய. ஊத்துனதுனால எரிஞ்சிது," என்றார்.

அந்த இடத்தில் மனைவி தாளின் பக்கம் கையைக் காட்டி, சாதாரணமாக, வங்கியில் டோக்கன் எண் சொல்வதுபோலச் சொன்னாள்: "அதை எழுதினதே இவர்தான்."

மெக்கானிக் அவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். பக்கத்துக் கடையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் எனக்கு மிகத் தெளிவாகக் கேட்டது.

"தமிழ் சுத்தமா இருக்கு சார்," என்றார்.

அவர் அன்று சொன்னதில் அதுதான் என்னால் தாங்க முடியாதது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து, டபிள்யூ என்றால் என்ன என்று அவரையே கேட்டேன்.

"விண்டர் சார். குளிர்காலம். முன்னாடி இருக்க நம்பரு, வண்டி ஆறிக் கெடக்கும்போது ஆயில் எம்புட்டு கெட்டின்னு சொல்லுதது. பின்னாடி இருக்க நம்பரு, சூடான பொறவு எம்புட்டு கெட்டின்னு. எரியுததைக் குறைக்கணும்னா நீங்க பின்னாடி நம்பரைத்தான் பாக்கணும். அதையும் ஒரேயடியா ஏத்தக் கூடாது. முப்பது போட்ட வண்டிக்கு நாப்பது போட்டுப் பாக்கணும். அம்பது போட்டா இந்த இஞ்சின் சந்துக்குள்ள அது வேகமா போவாது. காலைல சத்தம் வந்திருக்குமே?"

"தையல் மெஷின் மாதிரி," என்றாள் மனைவி.

"அதுதான். மேல ஆயில் வந்து சேருத வரைக்கும் இரும்பும் இரும்பும் அடிச்சிக்கிடுது."

அவர் ஆயில் முழுவதையும் வடித்தார். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். நாலில் ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது. நான் செய்ததைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் வண்டிக்கு வயதாகியிருக்கிறது, ரப்பர் சீல்கள் காய்ந்திருக்கின்றன, கொஞ்சம் எரிக்கத்தான் செய்யும், இஞ்சினை இறக்கி வேலை பார்க்கிற அளவுக்கு இல்லை என்றார். மூச்சு விடும் வால்வு அடைத்திருந்தது, புதிதாக மாற்றினார். பத்து-நாற்பது ஆயிலைக் கொண்டுவரச் சொல்லி, அளந்து ஊற்றினார்.

"முப்பது இதுக்கு இப்பம் தண்ணி. அம்பது கூழு. நடுவுல நிப்போம்," என்றார். "ஞாயித்துக்கெழமை காலைல, வண்டியைக் கிளப்புததுக்கு முன்னாடி, சமமான தரையில வச்சுப் பாருங்க. நீங்க பாருங்க மேடம்."

கடைசி வாக்கியத்தை அவர் சொன்னபோது என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த நாள், எனக்கு அந்த வேலையைக் கொடுத்த விளம்பர ஏஜென்சிக்கு போன் செய்தேன். அங்கே இந்தத் தாளைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ப் பக்கத்தில் ஒரு பிழை என்றேன். யாரும் புகார் செய்யவில்லையே சார் என்றாள். அவள் குரலில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. புகார் வராததுதான் புகார் என்று அவளுக்கு விளக்க முயன்றேன். கடைசியில், மறுபதிப்பு வரப்போகிறது, திருத்தி அனுப்புங்கள் என்றாள்.

நான் முழுவதையும் திருத்தி எழுதி, எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். அவர் சாப்பாட்டு நேரம். கைகழுவி வந்து எதிரில் உட்கார்ந்தார். நான் வாசிக்க வாசிக்க, "வேண்டாம்," "இது வேண்டாம்," என்று சொல்லிக்கொண்டே வந்தார். முக்கால் மணி நேரத்தில் என் முப்பத்தொரு வரி பதினொரு வரியாகிவிட்டது. ஆயில், கெட்டி, தண்ணி, சூடு, சமமான தரை, இவ்வளவுதான் அதில் மிஞ்சிய சரக்கு. ஒரு இடத்தில் 'உராய்வு' என்று மட்டும் வைத்துக்கொள்ளவா என்று கெஞ்சிக் கேட்டேன். யோசித்துவிட்டு, வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஏஜென்சிப் பெண் உடனே கூப்பிட்டாள். மற்ற மொழிகள் எல்லாம் பக்கம் நிறைய இருக்கின்றன, தமிழ் மட்டும் பாதியில் நிற்கிறது, ஏதாவது விட்டுப்போய்விட்டதா என்றாள். இல்லை, தமிழ் அவ்வளவுதான் என்றேன். இத்தனை வருடமாக அவ்வளவு நீளமாக இருந்ததே என்றாள். எழுத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தை நிரப்பிவிட்டார்கள். அச்சில் பார்க்க ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறது.

கார் பாஸாகிவிட்டது. வேனில் இருந்தவர் இந்த முறை ஒருதடவைதான் குழாயைச் செருகினார். புகை முற்றிலும் நிற்கவில்லை. காலையில் முதல் தடவை கிளப்பும்போது ஒரு சின்ன நீல மூச்சு வரும், அப்புறம் இல்லை. முன்பு வாரத்துக்கு அரை லிட்டர் ஊற்றினேன். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் அளவு ஊற்றினால் போதுகிறது. ஞாயிறு காலை மனைவி வண்டியை நியூட்ரலில் தள்ளச் சொல்லி, சமமாக இருக்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கொண்டுவருவாள். கிளப்பக் கூடாது அல்லவா. தள்ளுவது நானும் எங்கள் கட்டடக் காவலாளியும். அவள் கம்பியை உருவிப் பார்ப்பாள். நான் துணி பிடித்துக்கொள்வேன்.

சில மாதம் கழித்து மெக்கானிக்கே என்னைக் கூப்பிட்டார். ஊரில் அவருடைய வீட்டுமனைப் பட்டாவில் தகப்பனார் பெயர் தப்பாக ஏறியிருக்கிறது. தாலுகா ஆபீசுக்கு மனு எழுதவேண்டும். அவரே இரண்டு தடவை எழுதி அனுப்பி, இரண்டும் பதில் இல்லாமல் கிடக்கிறது.

"நீங்க எழுதித் தாங்க சார்," என்றார்.

"நான் எழுதினா உங்களுக்கு விளங்காதே," என்றேன்.

"எனக்கு வெளங்காண்டாம். நீங்க முன்னால எழுதுவீயளே, அந்த மாதிரியே எழுதுங்க."

எழுதினேன். மேற்படி, மேற்கண்டவாறு, சமூகத்திற்குப் பணிந்து, ஆவன செய்து என்று ஒன்றரைப் பக்கம். எந்த வரியையும் யாரும் வெட்டவில்லை. பதினைந்து நாளில் பெயர் திருத்தப்பட்டுவிட்டது. மனுவோடு ஊருக்குப் போயிருந்த அவர் போனில் சொன்னார்: அங்கே இருந்த அதிகாரி மனுவை முழுக்கப் படித்துவிட்டு, எந்தக் கேள்வியும் கேட்காமல், எழுதியவர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரா என்று மட்டும் விசாரித்தாராம்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"ஆமான்னுட்டேன் சார்," என்றார்.